வாய் பொத்திச் சிரிக்க வேண்டாம்

பல் சந்தேகங்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி முன்பல்லைப் பற்றித்தான். தை மாதக் கல்யாணங்கள் நெருங்குகின்றன, அது ஒரு காரணம். 'பாண்டிங்', அதாவது பல் நிறப் பசையை ஒட்டிப் பல்லைச் சரிசெய்வது, என்ற வார்த்தை எல்லார் காதிலும் விழுந்திருப்பது இன்னொரு காரணம். கைப்பேசியில் அரை நிமிட வீடியோ பார்க்கிறோம், உடைந்த பல் முழுப் பல்லாகிவிடுகிறது. அந்த அரை நிமிடத்துக்குள் அடங்காத விஷயங்களை இங்கே எழுதுகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 24 வருடமாகப் பல் பார்க்கிறேன். எழுதுவது எல்லாம் என் கைப்பட்ட அனுபவம்.

*

டாக்டர், எனக்கு வயது 24. ஆறாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடக் குழாயில் குனிந்து தண்ணீர் குடித்தேன். பின்னாலிருந்து ஒருத்தி தள்ளியதில் மேல் முன்பல்லின் மூலை உடைந்துவிட்டது. 13 வருடமாக வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறேன். தையில் கல்யாணம். ஒரு இடத்தில், இரண்டு முன்பல்லையும் சீவி கேப் போட்டால்தான் ஜோடியாக இருக்கும் என்றார்கள். இன்னொரு இடத்தில் பாண்டிங் போதும் என்றார்கள். எதைக் கேட்பது? வலிக்குமா?
வாசகி, நெல்லிக்குப்பம்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் அம்மா. நல்லா இருக்கிற பக்கத்துப் பல்லைச் சீவ விடாதீர்கள். அந்தப் பல் ஒரு தப்பும் செய்யவில்லை.

கேப், அதாவது பல்லை முழுக்க மூடுகிற உறை, போட வேண்டுமென்றால் பல்லைச் சுற்றிலும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் செதுக்கியாக வேண்டும். முன்பல்லின் எனாமல், அதாவது மேலே இருக்கிற கண்ணாடி போன்ற பாகம், பெரும்பாலான இடங்களில் அந்தக் கனம்கூட இருக்காது. ஒருமுறை போனால் எனாமல் திரும்ப வளராது. 24 வயதில் சீவினால் ஆயுளுக்கும் அந்தப் பல்லுக்குக் கேப் வேண்டும். அதை நாலைந்து தடவையாவது மாற்ற வேண்டி வரலாம். மூலை மட்டும் உடைந்த பல்லுக்கு இது பெரிய விலை.

பாண்டிங்கில் நாம் பல்லோடு சேர்க்கிறோம், எடுப்பது ரொம்பக் கொஞ்சம். பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட் என்ற பசையை உடைந்த மூலையில் ஒட்டி, உருக்கொடுத்து, நீல லைட் காட்டி இறுக்குகிறோம். சிமென்ட் மாதிரி மேலே அப்பிவைப்பது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்பி வைத்தால் ஒரு வாரம்கூட நிற்காது. ஒட்டுகிற சூட்சுமம் வேறு. பெயிண்டர் கதவுக்கு பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார் இல்லையா, வழவழப்பு போனால்தான் பெயிண்ட் பிடிக்கும் என்று? அதே கதைதான். 1955-இல் அமெரிக்காவில் ரோசெஸ்டர் நகரத்தில் புவோனோகோர் என்ற பல் மருத்துவர், தொழிற்சாலைகளில் உலோகத்துக்கு பெயிண்ட் பிடிக்க பாஸ்பாரிக் அமிலம் பூசுகிறார்களே, பல்லில் பூசினால் என்ன என்று யோசித்தார். பூசிப் பார்த்தார், பிசின் பிடித்துக்கொண்டது. அதற்கு ஏழு வருடம் கழித்து 1962-இல் போவென் என்பவர் இன்றைய காம்போசிட்டுக்கு அடிப்படையான பிசினை உருவாக்கினார். நான் தினமும் செய்கிற வேலை இந்த இரண்டு பேர் போட்ட பாதையில்தான் நடக்கிறது.

உங்கள் பல்லில் இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் பல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை யாரும் தாண்டிப் போகக் கூடாது. 11 வயதில் அடிபட்ட பல்லுக்குள் நரம்பு சத்தமில்லாமல் செத்துப்போயிருக்கலாம். வலியே இருக்காது, ஆனால் நிறம் மட்டும் சாம்பல் தட்டும். குளிர்ச்சி வைத்துப் பார்ப்போம், ஒரு எக்ஸ்ரே எடுப்போம். நரம்பு செத்திருந்தால் முதலில் வேர் சிகிச்சை, பிறகுதான் அழகு வேலை. உயிரோடு இருந்தால் கவலையில்லை.

அப்புறம் நிறம் பார்ப்பது. இதில் நான் ஆரம்ப காலத்தில் ஒரு தப்பு செய்தேன். முன்வேலையெல்லாம் முடித்து, பல் காய்ந்த பிறகு, டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் தேர்ந்தெடுத்து ஒட்டி அனுப்பிவிட்டேன். அன்றைக்குப் பிரமாதமாக இருந்தது. மறுநாள் அந்தப் பெண் திரும்பி வந்தார், ஒட்டின மூலை மட்டும் சுண்ணாம்பு போல வெளுத்துத் தெரிந்தது. பல் எச்சில் ஈரத்தில்தான் தன் உண்மையான நிறத்தில் இருக்கும். வாயைத் திறந்து பத்து நிமிடம் காய விட்டால் வெளுக்கும், நாமும் வெளுத்த நிறத்துக்கு ஏற்றாற்போல் பசையைத் தேர்ந்தெடுத்துவிடுவோம். அந்தப் பெண்ணுக்குப் பணம் வாங்காமல் திரும்பச் செய்தேன். அதிலிருந்து நிறம் பார்ப்பதுதான் என் முதல் வேலை. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி, பகல் வெளிச்சத்தில், உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டு, பல் ஈரமாக இருக்கும்போதே பார்ப்பேன். பசையில் ஒரு துளி எடுத்துப் பல்லின் மேல் வைத்து லைட் காட்டிப் பார்ப்பதும் உண்டு. டியூபுக்குள் ஒரு நிறம், இறுகினால் ஒரு நிறம்.

பிறகு உடைந்த ஓரத்தை லேசாகச் சரித்துவிடுவோம், ஒட்டின கோடு தெரியாமல் இருக்க. சாதாரணமாக ஊசி தேவைப்படாது. நீல நிற அமில ஜெல்லை 15 முதல் 30 விநாடி வைத்துக் கழுவினால் அந்த இடம் சாக்பீஸ் போல வெளுக்கும். அதன் மேல் ஒட்டுத் திரவம், அதற்கு லைட். பிறகு பசையை அடுக்கடுக்காக வைப்போம். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஒரே அடுக்காக வைக்கக் கூடாது, லைட் அடிவரைக்கும் போகாது. உள் அடுக்கு கொஞ்சம் மங்கலான பசை, வெளி அடுக்கு கொஞ்சம் கண்ணாடித்தனமான பசை. பல்லின் நுனியை வெயிலுக்குக் காட்டினால் லேசாக ஊடுருவித் தெரியும், அதைக் கொண்டுவர இந்த இரண்டும் வேண்டும். கடைசியில் தேய்த்து மெருகேற்றுவது. அவசரப்படுகிறவர்கள் மெருகில்தான் கை வைக்கிறார்கள். மெருகு சரியில்லாத பாண்டிங் ஆறு மாதத்தில் டீக்கறை பிடிக்கும். மொத்தம் ஒரு மணி நேரம் ஆகும். இருபது நிமிடத்தில் முடித்துத் தருகிறேன் என்றால் யோசியுங்கள்.

நிறம் பார்த்த பிறகு, ஒட்டுகிற வேலை முழுக்கப் பல் காய்ந்தே இருக்க வேண்டும். ஒரு சொட்டு எச்சிலோ ஈறிலிருந்து ரத்தமோ பட்டால் ஒட்டு பிடிக்காது. அதனால் ஈறு வீக்கம் இருந்தால் முதலில் க்ளீனிங் செய்து, ஈறு ஆறிய பிறகுதான் பாண்டிங். பல்லை வெளுக்க ஆசை இருந்தால் அதுவும் முன்னாலேயே. பாண்டிங் வெளுக்காது, பல் மட்டும் வெளுக்கும். வெளுத்த உடனேயும் ஒட்டக் கூடாது, இரண்டு வாரம் விட வேண்டும். தை பிறக்க இரண்டு மாதம் இருக்கிறதே, தாராளமாகப் போதும். இந்த வாரம் க்ளீனிங், அடுத்த இரண்டு வாரம் வெளுப்பது, இரண்டு வாரம் சும்மா இருப்பது, பிறகு பாண்டிங். முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஓடி வராதீர்கள். நாக்கு அந்த மூலையைத் தடவித் தடவிப் பழக வேண்டும். 'ச', 'ஸ' உச்சரிப்பு சில பேருக்கு இரண்டு மூன்று நாள் மாறித் தெரியும். அது சரியாகிவிடும்.

எத்தனை நாள் வரும் என்று கேட்பீர்கள். பொதுவாக ஐந்திலிருந்து ஏழு வருடம். பார்த்துக்கொண்டால் அதற்கு மேலும் வரும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் அடித்தது நம்ம ஊரில் யாருக்கும் மறக்காது. பறந்து வந்த ஓடு பட்டு ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு முன்பல் பாதி போனது. ஊரில் கரண்ட் இல்லை. என் லைட் அப்போது ஒயர் உள்ள பழைய லைட்டு. பக்கத்து மருந்துக்கடைக்காரரின் ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்துத்தான் ஒட்டினேன். அந்தப் பல்லை 2019-இல்தான் புதுப்பித்தேன். நடுவில் இரண்டு முறை மெருகு மட்டும் போட்டோம். அவருக்கும் அன்றைக்குக் கேப் போட்டிருக்கலாம். போடாததால் இன்றும் அவர் பல் அவரிடம் இருக்கிறது.

ஒட்டின பிறகு இரண்டு நாள் டீ, காபி, மஞ்சள் தூக்கலான குழம்பு வேண்டாம். அப்புறம் பொங்கலுக்கு நம்ம பக்கத்துப் பன்னீர்க் கரும்பு. முன்பல்லால் தோல் உரிப்பதை மறந்துவிடுங்கள். கத்தியால் சீவி, துண்டாக்கி, கடைவாயில் போட்டு மெல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அதுதான் அழகும்கூட.

*

டாக்டரம்மா, நான் கடலூர் முதுநகர், கடல் தொழில், வயது 41. முன்பல் நுனி உடைந்து பாண்டிங் போட்டேன். ஒரே வருடத்தில் இரண்டு தடவை பெயர்ந்துவிட்டது. போட்டவர் சரியில்லையா, சாமான் சரியில்லையா?
வாசகர், முதுநகர்

இரண்டும் சரியாக இருந்தும் பெயரலாம், தம்பி. உங்களிடம் இரண்டு கேள்வி கேட்கிறேன். கிழிந்த வலையை முடியும்போது நைலான் நூலை எதால் அறுக்கிறீர்கள்? நண்டுக் காலை எதால் உடைக்கிறீர்கள்?

என்னிடம் துறைமுகப் பக்கத்திலிருந்து வருகிறவர்களின் முன்பல் நுனியைப் பார்த்தாலே தெரியும், நூல் அறுத்த இடத்தில் சின்ன பள்ளம் விழுந்திருக்கும். பூக்கட்டும் அம்மாக்களுக்கும் தையல்காரர்களுக்கும் இதே பள்ளம் உண்டு. அசல் பல்லையே அறுக்கிற நூல் காம்போசிட்டை விடுமா? ஒரு சின்னக் கத்தரியைக் கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்கவிடுங்கள். நண்டுக்கு அம்மிக் குழவி இருக்கவே இருக்கிறது. சோடா மூடி திறப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இதெல்லாம் இல்லை என்றால் அடுத்து வீட்டில் கேளுங்கள், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்களா என்று. கடிக்கிறவருக்குத் தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். காலையில் எழுந்ததும் தாடை வலித்தாலும் அதுதான். அப்படி இருந்தால் ராத்திரி போட்டுக்கொள்ள ஒரு உறை செய்து தருவோம். அது இல்லாமல் பத்துத் தடவை ஒட்டினாலும் பத்துத் தடவையும் போகும்.

மூன்றாவது, கீழ்ப்பல் மேல்பல்லில் எங்கே இடிக்கிறது என்று கலர் காகிதம் கடிக்கவைத்துப் பார்க்க வேண்டும். நுனிக்கு நுனி இடிக்கிற கடி என்றால் பாண்டிங்கைப் பல்லின் பின்பக்கம் வரைக்கும் சுற்றிக் கொண்டுபோய்க் கனமாகப் போட வேண்டும். பல்லில் பாதிக்கு மேல் போய்விட்டது என்றால் உங்களுக்குக் கேப்தான் சரி. மேலே அந்தத் தங்கைக்கு வேண்டாம் என்றேன், உங்களுக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மிச்சம் இருக்கிற பல்லைப் பார்த்துத்தான் எதையும் சொல்ல முடியும்.

*

என் மகனுக்கு 9 வயது. மேலே இரண்டு முன்பல்லுக்கும் நடுவே நல்ல இடைவெளி. பள்ளியில் கேலி செய்கிறார்கள். பாண்டிங் போட்டு அடைத்துவிடலாமா?
தாய், லாஸ்பேட்டை, புதுச்சேரி

வேண்டாம். 11, 12 வயதில் கோரைப்பற்கள் இறங்கும்போது முன்பற்களை நெருக்கித் தள்ளும், நிறையப் பிள்ளைகளுக்கு அந்தச் சந்து தானாகவே மூடிவிடும். இப்போது பசை போட்டு அடைத்தால் வருகிற பல்லுக்கு இடம் இல்லாமல் போகும். ஒன்று மட்டும் பார்த்து வாருங்கள், மேல் உதட்டின் உள்ளே இருக்கும் நார் அந்தச் சந்துக்குள் இறங்கியிருக்கிறதா என்று. கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவ மேற்படிப்பு நிறுவனம் அரசு நடத்துவது, உங்களுக்குப் பக்கம்தான், அங்கே காட்டுங்கள். பையனிடம் இந்தச் சந்து பெரும்பாலும் தானாகவே மூடிவிடும் என்று தைரியமாகச் சொல்லுங்கள். ஒன்பது வயதில் கேட்ட கேலி நாற்பது வயதிலும் ஞாபகம் இருக்கும். ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள்.

*

சொந்த ஊர் தர்மபுரி பக்கம். வேலை நெய்வேலியில். வயது 32. பல் எல்லாம் பழுப்புக் கோடும் வெள்ளைத் திட்டும். எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. சுத்தமில்லாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று மீட்டிங்கில் பேசுவதே இல்லை. மேலே முழுக்க பாண்டிங் போட்டு மூடிவிடலாமா?
வாசகர், நெய்வேலி

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தேய்ப்பதை இன்றோடு குறைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கறை வெளியிலிருந்து வந்தது இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எட்டு வயதுக்குள், ஈறுக்குள்ளேயே முன்பல் உருவாகிக்கொண்டிருக்கும்போது குடித்த தண்ணீர் எனாமலில் எழுதிவிட்டுப் போன எழுத்து இது. அந்தப் பக்கத்துக்கு ஒகேனக்கல் தண்ணீரைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான். சுத்தத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கேட்கிறவர்களிடம் 'எங்க ஊர் தண்ணி' என்று நிமிர்ந்து சொல்லுங்கள்.

முழுக்க மூடுவதில் நான் நிதானிப்பேன். எட்டு பல்லுக்குப் பசை போட்டால் பல் தடிமனாகத் தெரியும், ஈறு ஓரம் கவனமாகச் சுத்தம் செய்ய வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை எட்டையும் புதுப்பிக்க வேண்டும். படிப்படியாகப் போவோம். கறை மேலாக இருந்தால், மெல்லிய அமிலப் பசையால் எனாமலின் மேல்தோலை மட்டும் மிகக் கொஞ்சம் உரசி எடுத்து, பிறகு வெளுத்துப் பார்க்கலாம். பாதிக்குப் பாதி பேருக்கு இதிலேயே மனசு நிறைந்துவிடும் என்பது என் அனுபவம். அதையும் மீறி நிற்கிற திட்டுகளுக்கு மட்டும், அந்த இடத்தில் மட்டும் பாண்டிங்.

இன்னொன்று, இதை உங்கள் டாக்டரிடம் ஞாபகப்படுத்துங்கள். ஃபுளோரைடு ஏறின எனாமலின் மேல்தோல் அமிலத்துக்கு அவ்வளவு லேசில் மசியாது. சாதாரணப் பல்லுக்கு வைக்கிற நேரம் போதாமல் போகலாம், மேல்தோலை லேசாக உரசிவிட்டு, கூடுதல் நேரம் ஜெல் வைக்க வேண்டி வரும். இதைச் செய்யாமல் ஒட்டிவிட்டு, பெயர்ந்ததும் உங்கள் பல்லைக் குறை சொல்லக் கூடாது. செலவு யோசனையாக இருந்தால் சிதம்பரம் அண்ணாமலைநகர் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய் வாருங்கள்.

*

மூன்று வருடம் முன்பு போட்ட பாண்டிங் மஞ்சளாகிவிட்டது. வெளுப்பு பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா?
வாசகி, பண்ருட்டி

தேய்க்காதீர்கள். கரகரப்பான பேஸ்டும் பல்பொடியும் மெருகைக் கீறிவிடும், கீறலில் இன்னும் கறை ஏறும். டாக்டரிடம் போய் மெருகு போடச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை. மேல் கறை என்றால் போய்விடும். ஓரத்தில் பழுப்புக் கோடு தெரிந்தால் ஒட்டு விட்டிருக்கிறது, அடியில் சொத்தை தொடங்கியிருக்கலாம், அந்தப் பாகத்தை மாற்றுங்கள்.

*

வயது 58, சர்க்கரை உண்டு. இரண்டு வருடமாக முன்பற்களுக்கு நடுவே புதிதாகச் சந்து விழுகிறது. பாண்டிங் போட்டு அடைக்கலாமா?
வாசகர், வில்லியனூர்

தயவுசெய்து அடைக்காதீர்கள். இந்த வயதில் புதிதாகச் சந்து விழுகிறது என்றால் பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு கரைந்து பல் நகர்கிறது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் ஈறு நோய் வேகமாக ஓடும், ஈறு நோய் இருந்தால் சர்க்கரையும் லேசில் இறங்காது. அந்தச் சந்தில் பசையை வைத்தால் கண்ணுக்கு மறையும், உள்ளே நோய் போய்க்கொண்டே இருக்கும். ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக்கொண்டு ஈறு சிகிச்சை செய்பவரைப் பாருங்கள். ஒரு பல்லாவது ஆடினால் இந்த வாரமே போங்கள்.

*

எனக்கு வயது 66. அடுத்த மாதம் திருக்கடையூரில் அவருக்கு 70 நிறைவுக்கு பீமரத சாந்தி. செங்கல் பொடி போட்டே வளர்ந்தவள், முன்பல் இரண்டும் ஈறுப் பக்கம் தேய்ந்து பள்ளமாக மஞ்சளாகத் தெரிகிறது. இந்த வயதில் அழகு பார்க்கிறாளே என்று மருமகள் நினைப்பாளோ என்று யாரிடமும் சொல்லவில்லை.
வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

அம்மா, மருமகளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர்தான் உங்களைக் கண்ணாடி முன் உட்காரவைத்துச் சந்தோஷப்படப் போகிறவர்.

அந்தப் பள்ளத்தை பாண்டிங்கால் நிரப்பலாம். மஞ்சளாகத் தெரிவது எனாமல் போய் உள்ளே இருக்கும் பாகம், அதனால் பச்சைத் தண்ணீர் பட்டால் கூசும். அந்தக் கூச்சமும் பெரும்பாலும் அடங்கும். எனாமலில் பிடிப்பதுபோல அந்த இடத்தில் அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நாலைந்து வருடத்தில் ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டி வரும். செங்கல் பொடியைத் தூர எறியுங்கள். மென்மையான பிரஷ், சாதாரண பேஸ்ட், அழுத்தாமல் மேலிருந்து கீழாக. வெற்றிலை போடுகிற பழக்கம் இருந்தால் ஒட்டின வாரம் மட்டுமாவது நிறுத்துங்கள், பாக்கையும் புகையிலையையும் அடியோடு விட்டால் இன்னும் நல்லது.

ஒரே நாளில் இரண்டு பல்லும் முடியும். காலை பத்து மணிக்குள் வாருங்கள், ஜன்னல் வெளிச்சம் அப்போதுதான் நன்றாக இருக்கும்.